எத்தனை இரவு தேடினீர்கள்? – காட்டுயிர் ஆய்வறிக்கை கேட்டு வாங்குவோருக்கு ஒரு திறந்த மடல்

திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கும் குழுக்களின் உறுப்பினர்களுக்கும், அந்த அனுமதிக்காக உயிரியல் ஆய்வுக்குப் பணி ஆணை கொடுக்கும் திட்ட மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

சாலை, அணை, காற்றாலை, சூரிய மின் பண்ணை, சுரங்கம், குடியிருப்பு என்று எந்தத் திட்டமானாலும் சரி, உங்கள் மேசைக்கு வரும் அறிக்கையில் இப்படி ஒரு வரி இருக்கும்: "ஆய்வின்போது அருகிவரும் உயிரினங்கள் எவையும் காணப்படவில்லை." இதைப் படித்ததும் நீங்கள் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறீர்கள். அங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும். எத்தனை பேர், எந்த மாதத்தில், எந்த நேரத்தில், எத்தனை நாள் தேடினார்கள்? இதற்கு அறிக்கைக்குள்ளேயே பதில் இல்லையென்றால் அந்த வரிக்கு மதிப்பே இல்லை. ஆய்வாளர்கள் மேல் குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தக் குறை பெரும்பாலும் நீங்கள் எழுதும் பணி ஆணையில்தான் பிறக்கிறது. அறிக்கை வேண்டும் என்று கேட்கிறீர்கள்; எவ்வளவு தேட வேண்டும் என்று சொல்வதில்லை.

சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். ஓர் உயிரினம் அந்த நிலத்தில் உண்மையிலேயே இருக்கிறது. ஒருமுறை போய்த் தேடினால் அது கண்ணில் படும் வாய்ப்பு 30 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஒளிந்து வாழும் பாம்புக்கும் இரவாடி விலங்குக்கும் இதுவே தாராளமான எண். ஒருமுறை போய்த் தவறவிடும் வாய்ப்பு 0.7. மூன்று முறை போனால் 0.7 × 0.7 × 0.7, அதாவது 0.34. மூன்று தடவை ஒழுங்காகத் தேடிவிட்டு வந்த பிறகும், இருக்கிற உயிரை இல்லை என்று எழுதிவிடும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே நிற்கிறது. இதை 5 விழுக்காட்டுக்குக் கீழே இறக்க 9 முறை போக வேண்டும். கண்ணில் படும் வாய்ப்பு 20 விழுக்காடாக இருந்தால் 14 முறை.

அந்த 30 விழுக்காடு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். அதைக் களத் தரவிலிருந்தே கணிக்கும் முறை 2002-லேயே வெளியாகிவிட்டது. இலவச மென்பொருளும் உண்டு. நிபந்தனை ஒன்றுதான்: அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போயிருக்க வேண்டும். 30 இடங்களுக்கு ஒருமுறை போனவரால் இந்தக் கணக்கைப் போட முடியாது; 10 இடங்களுக்கு மும்மூன்று முறை போனவரால் முடியும். இருவர் உழைப்பும் 30 நடைதான். வேலை தொடங்கும் முன் யாராவது யோசித்திருக்கிறார்களா என்பதில்தான் வித்தியாசம்.

அடுத்தது பருவம். புற்களையும் தரைவாழ் ஆர்க்கிட்களையும் பூக்காத காலத்தில் பார்த்து இனம் சொல்வது பெரும்பாலும் ஊகம். தவளைகளில் பல இனங்கள் முதல் மழைக்குப் பிந்தைய சில இரவுகளில் மட்டும் குரல் கொடுத்துவிட்டு மண்ணுக்குள் போய்விடும். வலசைப் பறவைகள் பல வருடத்தில் பாதி நாள் வெகுதொலைவில் இருக்கும். ஆணை கிடைத்த நாளிலிருந்து 60 நாளில் அறிக்கை என்று கெடு வைத்தால், அந்த 60 நாள் எந்தப் பருவத்தில் விழுகிறதோ அந்தப் பருவத்தின் உயிர்கள்தான் பட்டியலில் வரும். குறிஞ்சி பூக்கும்வரை 12 ஆண்டு காத்திருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு முழு ஆண்டு சுற்றி வரட்டும் என்கிறோம். நில அளவைக்கும் மண் பரிசோதனைக்கும் எப்படியும் அவ்வளவு காலம் போகிறது. உயிரியல் ஆய்வை மட்டும் கடைசியில் தொடங்குவதால்தான் அது திட்டத்தைத் தாமதப்படுத்துவது போலத் தெரிகிறது.

தானியங்கி கேமராவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அறிக்கைகளில் அதிகம் நம்பப்படுவதும் அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். இந்தக் கேமராவை இயக்குவது அகச்சிவப்பு உணரி. பின்னணியின் வெப்பத்திலிருந்து மாறுபட்ட ஒரு பொருள் அதன் முன்னால் நகர்ந்தால்தான் படம் எடுக்கும். உச்சிவெயிலில் பாறையின் சூடும் விலங்கின் உடல் சூடும் நெருங்கிவிட்டால் விலங்கு முன்னால் போனாலும் கேமரா சும்மா இருக்கும். பாம்பு, ஓணான், ஆமை விஷயத்தில் எப்போதுமே அதை நம்ப முடியாது. தடத்திலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில், அதாவது 30 முதல் 50 சென்டிமீட்டரில், தடத்துக்குச் சற்றே சாய்வாக, வடக்கையோ தெற்கையோ பார்த்துக் கட்ட வேண்டும். கிழக்கு மேற்காகக் கட்டினால் உதிக்கும் வெயிலும் சாயும் வெயிலும் நேரே உணரியில் விழும். இடுப்புயரத்தில் கட்டினால் கீரி, முயல் போன்றவை அடியில் போய்விடும்.

இனிதான் முக்கியமான இடம். கேமராவுக்கு அரை மீட்டர் முன்னால் நாலு புல் நுனி விட்டுவைத்தால் போதும். வெயிலேறிய புல் காற்றில் அசைய அசையக் கேமரா எடுத்துத் தள்ளும். இரண்டே நாளில் ஆயிரக்கணக்கான வெற்றுப் படங்கள். நினைவக அட்டை நிரம்பும், பேட்டரி தீரும். மிச்சம் 28 நாளும் கேமரா மரத்தில் வெறும் பெட்டியாகத் தொங்கும். அறிக்கையிலோ 30 இரவுகள் என்று இருக்கும். ஆகவே "கட்டப்பட்ட இரவுகள்" வேண்டாம், "இயங்கிய இரவுகள்" எத்தனை என்று கேளுங்கள். நிரூபிப்பது எளிது. தினமும் நண்பகலில் தானாக ஒரு படம் எடுக்கும்படி அமைத்து, கழற்றும் நாளில் தேதி எழுதிய பலகையை முன்னால் காட்டி ஒரு படம் எடுத்துவிட்டால் போதும். பேட்டரி மாற்றும்போது சில கேமராக்களில் தேதி பழைய ஆண்டுக்குத் தாவிவிடும். அந்தப் பலகைப் படம் அதையும் காட்டிக்கொடுக்கும்.

வௌவால் ஆய்விலும் இதே மாதிரிக் கண்கட்டு உண்டு. நம் காதுக்கு எட்டாத 100 கிலோஹெர்ட்ஸ் வௌவால் குரலைப் பிடிக்க நொடிக்கு இரண்டு லட்சம் மாதிரிகளுக்கு மேல் எடுக்கும் பதிவுக் கருவி வேண்டும். பறவைக் குரலுக்கென்று 48 கிலோஹெர்ட்ஸில் வைத்த கருவி 24-க்கு மேல் எதையும் கேட்காது. சரியான கருவியே இருந்தாலும் உயர்ந்த குரல்கள் காற்றில் சீக்கிரம் தேய்ந்துபோவதால் சில இனங்களைச் சில மீட்டர் தூரத்துக்குள்தான் பிடிக்க முடியும். பெரிய பழந்தின்னி வௌவால்கள் கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை. அவற்றைக் கருவியில் தேடுவது வீண். அடையும் மரத்தடியில் அந்தியில் நின்று எண்ண வேண்டும். இன்னொன்று: 200 பதிவுகள் என்றால் 200 வௌவால்கள் என்று அர்த்தமில்லை. விளக்கடியில் ஒரே வௌவால் சுற்றிச் சுற்றி வந்திருக்கலாம்.

நீரில் கரைந்திருக்கும் டிஎன்ஏவைச் சோதிக்கும் முறை இப்போது பரவலாகிவருகிறது; இங்கிலாந்தில் கொண்டை நியூட் என்ற, பல்லி போன்ற நீர்நில வாழ்விக்கு இதை 2014-லிருந்து ஏற்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் எத்தனை விலங்குகள் என்பதை அது சொல்லாது. வெயிலும் வெப்பமும் டிஎன்ஏவைச் சிதைக்கும். ஒவ்வொரு தொகுதியோடும் சுத்தமான நீரை வடிகட்டிய வெற்று மாதிரி ஒன்று ஆய்வகத்துக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். போகவில்லையென்றால், டிஎன்ஏ வேறெங்கிருந்தோ கலந்திருக்கலாம்; "உண்டு" என்ற முடிவையும் நம்ப வேண்டாம்.

உயிர்களின் பட்டியலைவிட வாழிட வரைபடத்தில் நடக்கும் தவறு பெரியது. 'தரிசு', 'புதர்க்காடு', 'வெற்று நிலம்' என்று நில வகைப் பட்டியலில் பெயர் விழுந்த இடத்தில் ஆய்வும் அதோடு முடிந்துவிடுகிறது. அந்தச் சரளைத் தரையில் குனிந்து பாருங்கள். ஆள்காட்டிப் பறவை கூடென்று எதையும் கட்டுவதில்லை. குளம்படி அளவுக்கு ஒரு சிறு பள்ளம், சுற்றிலும் நாலு கூழாங்கற்கள், நடுவே கல்லின் நிறத்திலேயே கறுப்புத் திட்டுப் போட்ட முட்டைகள். பக்கத்தில் நின்றாலும் தெரியாது. மேலே பறந்து கத்துகிற தாய்ப்பறவைதான் சொல்ல வேண்டும். புல்வெளியிலும் புதர்நிலத்திலும் மட்டுமே வாழும் இனங்களுக்குக் காடு மாற்று ஆகாது. இந்த நிலத்தை எடுத்துக்கொண்டு, ஈடாக இன்னொரு புல்வெளியில் மரம் நடும் திட்டங்களைப் பார்த்தால், போனது ஒரு புல்வெளியா இரண்டா என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆய்வு எல்லையை வேலியோடு நிறுத்தாதீர்கள். அணைக்குக் கீழே ஆறு எவ்வளவு தூரம் மாறுமோ அவ்வளவு தூரமும் ஆய்வு நிலம்தான். ஒரே சாலையை ஐந்து துண்டாக்கி ஐந்து அறிக்கை வாங்கினால், எந்தத் துண்டிலும் பாதிப்பு பெரிதாகத் தெரியாது.

பாதிப்பைச் சமாளிக்கும் பகுதிக்கு வருவோம். முதலில் தவிர்ப்பது, முடியாவிட்டால் குறைப்பது, பிறகு மீட்டெடுப்பது, எதுவும் முடியாதபோது ஈடு செய்வது. இந்த வரிசை எல்லோருக்கும் தெரியும். ஆனால் தவிர்க்கிற வாய்ப்பு வரைபடத்தில் பாதை இன்னும் பென்சிலில் இருக்கும்போது மட்டும்தான் உண்டு. டெண்டர் விட்ட பிறகு ஆய்வாளரைக் கூப்பிட்டால் அவர் கையில் மிஞ்சுவது கடைசிப் படி ஒன்றே.

சாலைக்கடியில் விலங்குக் கடவை அமைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அகலத்தை உயரத்தால் பெருக்கி, குறுக்கே கடக்கும் நீளத்தால் வகுத்து 'திறப்பு விகிதம்' பார்ப்பார்கள். வட அமெரிக்க மியூல் மானுக்கு அது 0.6-க்குக் குறையக் கூடாது என்பது பழைய அளவுகோல். 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளம்: சரியாக 0.6. பிறகு சாலையை அகலப்படுத்தி நீளம் 40 மீட்டர் ஆனால் அது 0.3. வரைபடத்தில் அதே கடவைதான், மானுக்கு அது இருட்டுக் குழாய். வேலி இல்லாத கடவையும் பயன்தராது. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் வேலியும் கடவைகளும் சேர்ந்துதான் விலங்கு மோதல்களை 80 விழுக்காட்டுக்கு மேல் குறைத்தன. அங்கேயும் கூச்சமுள்ள விலங்குகள் பழகச் சில ஆண்டுகள் ஆயின. திறந்த மறு மாதம் கேமரா வைத்துவிட்டுக் கடவை தோல்வி என்று எழுதுவது அவசரம்.

காற்றாலையில் இறந்து விழும் பறவைகளையும் வௌவால்களையும் எண்ணும்போது கிடைத்த எண்ணை அப்படியே போடுகிறார்கள். 4 உடல்கள் கிடைத்தன. ஆனால் தேடுபவர் கண்ணுக்குப் பாதிதான் படுகிறது. தேடும் நாள்வரை நரியும் எறும்பும் விட்டுவைப்பது 40 விழுக்காடுதான் என்றால், 4-ஐ 0.5-ஆலும் 0.4-ஆலும் வகுக்க வேண்டும். விடை 20. இந்த இரண்டு எண்களையும் அந்தந்த இடத்திலேயே, சோதனை உடல்களை வைத்துப் பார்த்து அளக்க வேண்டும்; வேறொரு பண்ணையின் எண்ணைக் கடன் வாங்கக் கூடாது. தீர்வு இல்லாமலும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2008, 2009 ஆண்டுகளில் நடந்த சோதனையில், காற்று மெதுவாக வீசும் இரவுகளில் விசிறி சுழலத் தொடங்கும் காற்று வேகத்தை உயர்த்தியதால் வௌவால் இறப்பு 44 முதல் 93 விழுக்காடு வரை குறைந்தது.

பொந்துள்ள முதுமரத்துக்கு ஈடாகப் பெட்டிக் கூடு, பாம்பையும் ஆமையையும் பிடித்து இடம் மாற்றுவது போன்றவற்றை நிபந்தனையாக எழுதும்போது, யார், எத்தனை ஆண்டு, எதை அளந்து தொடர்வார்கள் என்பதையும் அதே பத்தியில் எழுதுங்கள். இங்கிலாந்தில் 2024 பிப்ரவரியிலிருந்து பெரிய திட்டங்களுக்குப் பின் வாழிட மதிப்பு முன்பைவிட 10 விழுக்காடு கூடியிருப்பது கட்டாயம். அதை 30 ஆண்டு பராமரிக்கவும் வேண்டும். பிந்தைய எண்தான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது. கண்காணிப்பு என்றால் திட்ட இடத்திலும் திட்டம் தொடாத அதே வகை நிலம் ஒன்றிலும், வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே முறையில் அளப்பது. இதில் எது விடுபட்டாலும், குறைந்தது திட்டத்தாலா மழை பொய்த்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

பணத்தையும் பேசிவிடுவோம். ஆய்வாளருக்குக் கூலி தருபவர் அனுமதி கேட்பவரே. அதை உடனே மாற்ற முடியாவிட்டாலும், கடைசித் தவணையை "அனுமதி கிடைத்த பின்" என்று எழுதும் பழக்கத்தை நாளைக்கே நிறுத்தலாம். களப்பணி முடிந்ததற்கும் மூலத் தரவை ஒப்படைத்ததற்கும் தவணை கொடுங்கள். குழு உறுப்பினர்களோ நடந்த பாதையின் ஜிபிஎஸ் கோப்பு, நேரமும் இடமும் பதிவான படங்கள், ஒலிக் கோப்புகள், ஒவ்வொரு நடையின் தொடக்க முடிவு நேரம், அன்றைய காற்றும் மழையும், போனவர்கள் பெயர் ஆகியவை இல்லாத அறிக்கையைத் திருப்பி அனுப்புங்கள். நாள் ஆக ஆகப் புதிய இனங்கள் எத்தனை சேர்ந்தன என்று காட்டும் வளைகோட்டையும் கேளுங்கள். கடைசி நாளிலும் அது மேலே ஏறிக்கொண்டிருந்தால் ஆய்வு இன்னும் முடியவில்லை. அந்த நிலப்பகுதியிலேயே இல்லாத பறவை பட்டியலில் இருந்தால், அது வேறொரு அறிக்கையிலிருந்து ஒட்டப்பட்டதாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க நிபுணர்கூட வேண்டாம், ஒரு பறவைக் கையேடு போதும்.

கூடவே, பணி ஆணையில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறோம்: "காணப்படவில்லை என்று எழுதப்படும் ஒவ்வோர் இனத்துக்கும் எதிரே, அதைத் தேடிய இரவுகள் அல்லது நடைகளின் எண்ணிக்கையும், அது இருந்தும் தவறவிட்டிருக்கக்கூடிய வாய்ப்பும் குறிக்கப்பட வேண்டும்."

இப்படிக்கு,
காட்டுயிர், வாழிட ஆய்வுக் களப்பணியாளர்கள்