நுண்குழலின் மேல் விழும் குறிகள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நரம்பு செல்லின் படத்தை நேற்றிரவு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். செல்லுக்குள் சட்டம்போல் நிற்கும் நுண்குழல்களைக் கட்டும் புரதமான டியூபுலினில், அசிட்டைல் என்ற சிறு வேதிக்குறி ஏறியவற்றுக்கு நீ ஊட்டிய நிறம், செல்லின் நீண்ட கிளையான ஆக்ஸான் நெடுகிலும் பளிச்சென்று ஓடி, வளரும் நுனியை நெருங்க நெருங்க மங்கிவிடுகிறது. அங்கே டைரோசின் என்ற அமினோ அமிலம் வாலிலிருந்து கழியாத டியூபுலினின் நிறம் மட்டும் விசிறிபோல் விரிந்து நிற்கிறது. படம் மிக நன்றாக வந்திருக்கிறது. ஆனால் அதன் கீழே, அசிட்டைல் ஏறுவதால்தான் நுண்குழல் நிலைபெறுகிறது என்று நீ எழுதியிருப்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. என் முதல் ஆய்வறிக்கையில் நானும் இதையே எழுதினேன். அதைத் திருத்திக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் ஆயின என்பதால்தான் உனக்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அசிட்டைல் எங்கே ஏறுகிறது என்று முதலில் நினைத்துப் பார். சுமார் 25 நானோமீட்டர் விட்டமுள்ள அந்தக் குழலின் உட்சுவரில், டியூபுலினின் ஒரு பாதியான ஆல்ஃபா டியூபுலினில் 40ஆம் இடத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் அது ஏறுகிறது. அதை ஏற்றும் நொதி குழலின் திறந்த முனை வழியாகவோ சுவரில் விழுந்த பிளவு வழியாகவோ உள்ளே போக வேண்டும். போன பிறகும் மிக மெதுவாகவே வேலை செய்கிறது. சில நிமிடங்களில் கலைந்துவிடும் குழலில் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. மணிக்கணக்கில் நிற்கும் குழலில் குறி சேர்ந்துகொண்டே போகிறது. டாக்சால் என்ற மருந்தைக் கொடுத்துக் குழல்களைக் கலையாமல் நிறுத்தினால் அசிட்டைல் தானாகவே பெருகுவதையும் நீ பார்த்திருப்பாய். எனவே உன் படத்தில் ஒளிர்வது பெரும்பாலும் குழலின் வயதுதான். வெட்டிய அடிமரத்தின் வளையங்களை எண்ணிவிட்டு, அந்த வளையங்களே மரத்தை நெடுநாள் வாழவைத்தன என்று யாரும் சொல்வதில்லை.

அதற்காக அந்தக் குறியால் பயனே இல்லை என்று எண்ணிவிடாதே. 2017இல் நுண்குழல்களைத் திரும்பத் திரும்ப வளைத்துப் பார்த்த சோதனைகளில், அசிட்டைல் ஏறிய குழலில் சுவராகச் சேர்ந்து நிற்கும் பக்கத்துப் பக்கத்து இழைகளின் பிணைப்பு சற்றே தளர்ந்திருப்பதும், அதனால் அது நாணலைப் போல வளைந்துகொடுத்து முறியாமல் தப்புவதும் தெரிந்தன. அசிட்டைலை ஏற்றும் நொதி இல்லாத சுண்டெலிகள் உயிரோடு வளர்கின்றன. ஆனால் அவற்றின் தொடு உணர்வு குன்றிவிடுகிறது.

டைரோசினின் கதை வேறு. ஆல்ஃபா டியூபுலினின் வால் நுனியிலுள்ள அந்த அமினோ அமிலத்தை, குழல் கட்டப்பட்ட பின் வாசோஹிபின் முதலிய நொதிகள் கத்தரித்து எடுக்கின்றன. குழல் கலைந்து டியூபுலின் தனித்ததும் இன்னொரு நொதி அதைத் திரும்ப ஒட்டுகிறது. ஒட்டும் வினையை 1970களிலேயே அர்ஜென்டினாவின் கோர்டோபாவில் எலி மூளைச் சாற்றில் கண்டுவிட்டார்கள். கத்தரிக்கும் நொதி எதுவென்று தெரிய 2017 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒட்டும் நொதி இல்லாத சுண்டெலிக் குட்டிகள் பிறந்த சிறிது நேரத்திலேயே இறந்துவிடுகின்றன. இதயத் தசைச் செல்லில் டைரோசின் கழிந்த குழல்கள் டெஸ்மின் என்ற புரத இழைகளோடு பிணைந்து, சுருங்கும் தசையை எதிர்த்து நிற்கின்றன. செயலிழந்துவரும் இதயங்களில் இவை மிகுந்திருக்கின்றன, இவற்றைக் குறைத்தால் செல் நன்றாகச் சுருங்குகிறது. இங்கே குறியை மாற்றினால் விளைவும் மாறுகிறது. காரணம் என்ற சொல்லை அப்போதுதான் எழுதலாம்.

ஆகவே உன் சோதனையில் 40ஆம் லைசினுக்குப் பதிலாக ஆர்ஜினின் என்ற வேறு அமினோ அமிலம் வைத்த டியூபுலினையும் சேர்த்துக்கொள். அதில் அசிட்டைல் ஏற இடமே இராது. பிறகு குழல்களைக் கலைக்கும் மருந்தான நோகோடசோலை ஊற்றி, இரண்டு வகைக் குழல்களும் எவ்வளவு நேரத்தில் கலைகின்றன என்று பார். அசிட்டைலை நீக்கும் நொதியை மருந்தால் தடுத்து மட்டும் முடிவுக்கு வந்துவிடாதே: செயலற்றுப்போன அந்த நொதியே குழல் நீள்வதையும் குறுகுவதையும் மந்தமாக்கிவிடலாம் என்பதால், நீ அளப்பது எதன் விளைவு என்று பிரித்தறிய முடியாது.

படங்கள் வந்ததும் திருத்தாமல் அப்படியே அனுப்பு. அந்த ஒரு வரியை அதுவரை பென்சிலில் வைத்திரு.

அன்புடன்,
அம்மா