வரப்புகளைச் செதுக்குவது குறித்த அறிவிப்பு

கண்மாய்ப் பாசனக் குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சம்பா உழவு தொடங்கவிருப்பதால், வரப்புகளை அடியோடு செதுக்கிக் களைக்கொல்லி தெளிக்கும் வழக்கத்தை இவ்வாண்டு தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டுப்புழு ஆகியவற்றின் முட்டைகளுக்குள் தம் முட்டையை இட்டு அவற்றை அழிக்கும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத குளவிகளுக்குத் தேன் உணவு வேண்டும். நெற்பூவில் தேன் கிடையாது என்பதால், வரப்பில் தானாக முளைக்கும் தும்பையும் துத்தியும், நாம் ஊன்றும் தட்டைப்பயறும் உளுந்துமே அவற்றுக்குப் புகலிடம். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் அறுவடைக்குப் பின் வரப்புப் புல்லில்தான் ஒதுங்குகின்றன.

அகன்ற வரப்பில் எலி வளை தோண்டும் என்று மூத்தவர்கள் கூறுவது முற்றிலும் நியாயமே. ஆகவே வரப்பைக் குறுகலாகவே வைத்து, இரவில் ஆந்தை அமர்வதற்கு வயலில் ஆங்காங்கே குச்சிகளை நட்டுவையுங்கள். பகலில் அவற்றில் கரிச்சான் அமர்ந்து புழு பிடிக்கும். (பறவைகளுக்காகத் தீபாவளி வெடியையே விட்டுக்கொடுத்த கொள்ளுக்குடிப்பட்டி கிராமம் நம் சிவகங்கை மாவட்டத்தில்தான் இருக்கிறது, குச்சி நடுவது பெரிய காரியமன்று.)

பார்த்தீனியத்துக்கு மட்டும் இரக்கம் வேண்டாம். பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கிவிடுங்கள். நெல்மணியின் பாலை உறிஞ்சும் கதிர்நாவாய்ப்பூச்சி புற்கதிர்களில் பெருகி நெல்லுக்குத் தாவுமாதலால், நெல் பால் பிடிக்கும் முன் வரப்புப் புல்லை அரிவாளால் அறுத்து மாட்டுக்குப் போடுங்கள். பூச்செடிகளை மட்டும் விட்டுவிடுங்கள்.

பயறு விதை தேவைப்படுவோர் இக்குழுவிலேயே தெரிவிக்கவும்.