ஆறாவதில் எங்கே சேர்ப்பது?

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் மாமியார் உடம்பிலும் தக்காளி விலையிலுமே நேரம் போய்விடுகிறது, அதனால்தான் கடிதம் என்று எழுதியிருக்கிறாய். சரி, அந்த இரண்டையும் முதலில் முடித்துவிடுகிறேன். உன் மாமியாரை ரேஷன் கடையில் பார்த்தேன். முட்டி வலி பரவாயில்லையாம். வாய் பழையபடியே இருக்கிறது. தக்காளி பறிகூலிக்கே கட்டவில்லை என்று பாதித் தோட்டத்தைப் பறிக்காமல் விட்டிருக்கிறார்கள். பாலக்கோடு மண்டிக்கு வண்டி வைத்துக் கொண்டுபோனால் கையில் இருப்பதும் போகும் என்கிறார் என் வீட்டுக்காரர்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். ஓசூர் கம்பெனியில் உன் வீட்டுக்காரருக்கு வேலை நின்றுபோனது வருத்தம்தான். ஆனாலும் நீங்கள் ஊருக்கே வருவதில் எனக்குச் சந்தோஷம், மறைக்க மாட்டேன். பெரியவளை ஆறாவதில் நாம் படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியிலேயே சேர்க்கலாமா, ஊரில் அதைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய்.

சரியான ஆளிடம்தான் கேட்டாய். பள்ளியைப் பற்றி ஊரில் பேசுவதெல்லாம் என் தையல் மிஷின் பக்கத்தில்தான் நடக்கிறது. அரசு கொடுக்கிற சீருடை வருஷத்துக்கு நான்கு செட். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் மொத்தமாகத் தைத்து வருவதால் ஒல்லியான பிள்ளைக்குத் தொளதொள என்று இருக்கும், உயரமானவளுக்குக் கை பத்தாது. எல்லாம் என்னிடம்தான் பிடிக்கவும் பிரித்துவிடவும் வரும். அம்மாக்கள் ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவார்கள், பிள்ளைகள் அளவுக்கு நிற்கும்போது பேசுவார்கள். இரண்டு பேரும் ஒரே பள்ளியைத்தான் சொல்கிறார்களா என்று எனக்கே சந்தேகம் வரும்.

பெரியவர்கள் பேச்சை முதலில் சொல்கிறேன், அது சீக்கிரம் முடிந்துவிடும். முதல் குறை இங்கிலீஷ். 2012-13லிருந்தே அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழி இருக்கிறது, நம் பள்ளியிலும் இருக்கிறது. ஆனால் ஆள் பத்தாத நாளில் தமிழ் வழிப் பிள்ளைகளும் ஆங்கில வழிப் பிள்ளைகளும் ஒரே அறையில்தான் உட்காருகிறார்கள். புத்தகம் மட்டும் வேறு வேறு. "மஞ்சள் வேனில் போகிற பிள்ளை குட் மார்னிங் சொல்லுது, நம்ம பிள்ளை ஓடி ஒளியுது" என்று ஒரு அம்மா பொருமினாள். தனியார் பள்ளியின் அந்த வேன் இருக்கிறதே, ஊரில் பாதிப் பேருடைய அபிப்பிராயம் அதன் ஜன்னல் வழியாகத்தான் வருகிறது. வேனுக்குக் கடன் வாங்கிக் கட்டுகிற வீடுகள் எனக்குத் தெரியும். கொரோனா வருஷத்தில் பீஸ் கட்ட முடியாமல் இங்கே கொண்டுவந்து சேர்த்தவர்களில் சிலர் கை கொஞ்சம் நிமிர்ந்ததும் திரும்பப் போய்விட்டார்கள், சிலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். தங்கிவிட்டவர்கள்தான் பள்ளியைப் பற்றி நிதானமாகப் பேசுகிறவர்கள். இரண்டையும் பார்த்தவர்கள் இல்லையா.

அடுத்த குறை அடிப்பதில்லை என்பது! சிரிக்காதே. நம் அப்பாக்கள் சொன்ன அதே வசனத்தை இன்றைக்கும் வந்து சொல்கிறார்கள், "கண்ணை மட்டும் விட்டுட்டு மத்ததை உரிச்சு எடுங்க சார்" என்று. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பிள்ளையை அடிக்கக் கூடாது, எட்டாவது முடிகிற வரை பள்ளியை விட்டு நீக்கவும் கூடாது. இங்கே எட்டாவது வரை ஃபெயிலும் கிடையாது. 2024 கடைசியில் மத்திய அரசு அந்த ஃபெயில் விஷயத்தை மாற்றியபோது, எங்கள் பள்ளிகளுக்கு அது கிடையாது என்று தமிழ்நாடு சொல்லிவிட்டது. அப்பாக்களுக்கு இதில் கோபம். "பயமே இல்லாம எப்படிப் படிப்பான்?" பயத்தோடு படித்த இவர்கள் எந்த வகுப்போடு நின்றார்கள் என்று கேட்க நாக்கு வரை வரும், தைக்கிற துணிக்குக் கூலி வர வேண்டுமே என்று விட்டுவிடுவேன்.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் பிள்ளைகளைப் பாட்டிகளிடம் விட்டிருக்கிறார்கள் அல்லவா, அந்தப் பாட்டிகள் மட்டும் பள்ளியைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை. "ரெண்டு நாள் வரலைன்னா டீச்சரே போன் போட்டுக் கேக்குது, பெத்தவ கேக்கல" என்று ஒரு ஆயா சொன்னாள். நம் பள்ளிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் யாரும் கொடுத்து நான் பார்க்கவில்லை.

இப்போது பிள்ளைகள். இவர்கள் இங்கிலீஷையும் பேசுவதில்லை, வேனையும் பேசுவதில்லை. ஆறாவது படிக்கிற ஒரு பொடியன் சொன்னது இது: "போன வருஷம் வரைக்கும் காலையில கிச்சடி சாப்பிட்டேன் அக்கா, இப்ப வாசனை மட்டும்தான்." காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல திட்டம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் அது 1 முதல் 5 வரைதான். தனியாகத் தொடக்கப் பள்ளி இருக்கிற ஊரில் இது உறுத்தாது. நம்முடையது நடுநிலை, எட்டாவது வரை ஒரே வளாகம். தம்பி உள்ளே சாப்பிடுவான், அக்கா வெளியே நிற்பாள். அம்மா ஆறு மணிக்கே பறிகூலிக்குப் போயிருப்பாள். ராத்திரிக் களி மீதி இருந்தால் உண்டு, இல்லையென்றால் மதியச் சத்துணவு வரை அப்படியேதான். உன் மகளுக்கு வீட்டில் சாப்பிட்டு வர வழியிருக்கும், அதனால் இது உனக்குப் பெரிதில்லை. ஆனால் ஊரைக் கேட்டாயே, ஊரில் பிள்ளைகள் சொல்கிற முதல் குறை இதுதான்.

இரண்டாவது குறை பெண் பிள்ளைகளுடையது, அவர்கள் அதைக் குறை என்றுகூடச் சொல்வதில்லை. என் சின்னவள் இப்போதுதான் ஏழாவது முடித்தாள். தண்ணீர் பாட்டில் காலையில் கொண்டுபோனது மாலையில் அப்படியே திரும்பி வரும். திட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, கழிப்பறையில் தண்ணீர் வராததால் இவள் வகுப்பில் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை. குடிக்கிற தண்ணீருக்குக் குறையில்லை. 2013ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு அந்தக் கவலை குறைந்துவிட்டது. நாம்தான் போர் தண்ணீரின் ஃபுளோரைடைக் குடித்துப் பல்லில் காவி ஏற்றிக்கொண்டோம். உன் கல்யாண ஆல்பத்தில் ஒரு போட்டோவிலாவது வாயைத் திறந்து சிரித்திருக்கிறாயா? கழிப்பறைக்குத்தான் மோட்டார் ரிப்பேர், யார் சரிசெய்வது என்று அலுவலகத்துக்கு அலுவலகம் கை காட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துத்தான் முடித்தோம். நானும் அதில் இருக்கிறேன், சொன்னேனா? முன்பெல்லாம் அந்தக் குழு பேருக்குத்தான் இருந்தது. 2022லும் 2024லும் புதிதாகத் தேர்ந்தெடுத்தார்கள். சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள். தீர்மானம் எழுதி, ஊராட்சித் தலைவரை உட்காரவைத்துப் பேசி, மோட்டார் ஓட ஆரம்பித்தது. இதில் ஒரு கூத்து என்னவென்றால், கூட்டம் வேலை நாளில், மதியத்துக்கு மேல் நடக்கிறது. கூலிக்குப் போகிற அம்மா அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருவாளா? என் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுகிறவள் அங்கே வந்து ஒரு வார்த்தை பேச முடிவதில்லை. நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

டீச்சர்களைப் பற்றிப் பிள்ளைகள் சொல்வதைக் கொஞ்சம் சல்லடை போட்டுத்தான் எடுக்க வேண்டும். வீட்டுப்பாடம் கொடுக்காத சார்தான் நல்ல சார், அதை யார் மாற்ற முடியும்? ஆனால் கணக்கு டீச்சர் விஷயத்தில் மட்டும் படிக்கிறவன், படிக்காதவன் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். "புரியலைன்னு சொன்னா திரும்பச் சொல்றாங்க, கோவப்படறதில்ல." எனக்கு இது போதும். அறிவியல் பாடம்தான் தொங்கலில் இருந்தது. 6 முதல் 8 வரை 35 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் வேண்டும், கணக்கு-அறிவியல், சமூக அறிவியல், மொழி என்று ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஒரு ஆள் வேண்டும் என்கிறது சட்டம். மாறுதலில் போனவர் இடம் நிரம்புவதற்குள் பாதி வருஷம் ஓடிவிட்டது. விளையாட்டுக்கும் ஓவியத்துக்கும் வருகிறவர்கள் பகுதி நேரம், வாரத்தில் மூன்று அரை நாள். அந்த அரை நாளுக்காகவே பள்ளிக்கு வருகிற பையன்கள் உண்டு. கலைத் திருவிழா வந்துவிட்டால் பெண் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது, வட்டார அளவில் ஆடப்போகிறேன் என்று பாவாடை தைக்க என் உயிரை வாங்குவார்கள். வகுப்பில் வாயே திறக்காதவள் என்று டீச்சர் சொன்ன ஒருத்தி மேடையில் தனியாகப் பாடினாள். கம்ப்யூட்டர் அறை இருக்கிறது. சாவி யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது திறக்கும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நீ என்ன முடிவெடுப்பாய் என்று தெரியாது. ஒன்றை மட்டும் தள்ளிப்போடாமல் யோசி. ஐந்தாவது வரை எங்கே படித்திருந்தாலும் பரவாயில்லை, ஆறாவதுதான் கணக்கு. 2020ல் கொண்டுவந்த 7.5 சதவீத மருத்துவ ஒதுக்கீடு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான். மறு வருஷம் இன்ஜினியரிங், விவசாயம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. காலேஜ் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டமும் ஆறாவதிலிருந்துதான் பார்க்கிறது. இரண்டு வருஷம் தனியாரில் போட்டுவிட்டு எட்டாவதில் மாற்றிக்கொள்ளலாம் என்று உன் வீட்டுக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதில் இதெல்லாம் அடிபட்டுப் போகலாம். அவரிடம் சொல். எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். என்கிற உதவித்தொகைத் தேர்வும் இருக்கிறது. பெற்றோர் வருமானம் வருஷத்துக்கு 3.5 லட்சத்துக்குள் இருந்து, பாஸாகி உதவித்தொகைக்குத் தேர்வானால் ஒன்பதாவதிலிருந்து நான்கு வருஷம் ஆண்டுக்கு 12,000 ரூபாய் வரும். நம் பள்ளியில் சனிக்கிழமைகளில் கணக்கு டீச்சரே அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார்.

என்னைக் கேட்டால் எனக்குப் பயம் ஆறாவதில் இல்லை, ஒன்பதாவதில். எட்டோடு நம் பள்ளி முடிகிறது. அதுவரை நடந்து போகிற தூரம், வயதுக்கு வந்த பிள்ளையை அனுப்ப எந்த அம்மாவும் யோசிப்பதில்லை, மறுநாளே கூட்டிக்கொண்டு வந்து விடுகிறார்கள். ஒன்பதாவது என்றால் பஸ். பாஸ் இலவசம்தான், ஆனால் காலையில் ஒரு வண்டி, அதுவும் தொங்கிக்கொண்டு வரும். அந்த இடத்தில்தான் பெண் பிள்ளைகள் கழன்றுகொள்கிறார்கள். "டி.சி. வாங்கிட்டோம்" என்பார்கள், எங்கே சேர்த்தீர்கள் என்றால் பதில் இருக்காது. பதினெட்டு ஆகாமல் கல்யாணப் பேச்சு எடுக்கிற வீடு நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது, உனக்குத் தெரியாததா. போன வருஷம் எட்டாவது முடித்த பிள்ளைகள் எல்லோரும் எங்கே சேர்ந்தார்கள் என்று குழுவில் பெயர் பெயராகக் கேட்டோம். தலைமையாசிரியர் முதலில் முகம் சுளித்தார், பிறகு அவரே இரண்டு வீட்டுக்குப் போய் வந்தார். இரண்டில் ஒருத்தி இப்போது பஸ் ஏறுகிறாள்.

என் சின்னவள் அடுத்து எட்டாவது. அவளுக்கும் உன் மகளுக்கும் ஒரு வருஷமாவது ஒரே பள்ளி கிடைக்கும். நீ முடிவெடுப்பதற்கு முன்னால் பெரியவளை இரண்டு நாள் இங்கே அனுப்பி வை. என் பெண்ணும் அவள் கூட்டாளிகளும் என்னிடம் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொல்லிவிடுவார்கள். உன் மாமியாரிடம் மட்டும் கேட்காதே, அவர் வேன் கட்சி.

சேர்ப்பதானால் டி.சி., ஆதார், சாதிச் சான்றிதழ், போட்டோ எல்லாம் எடுத்து வை. பழைய பள்ளியில் எமிஸ் நம்பரை, அதுதான் ஒவ்வொரு பிள்ளைக்கும் கம்ப்யூட்டரில் இருக்கிற பதிவு எண், கேட்டு வாங்கிக்கொள், அது இல்லாமல் இங்கே அலையவிடுவார்கள். அப்புறம், ஓசூர் கடைகளில் நல்ல லைனிங் துணி கிடைக்கும் என்றாயே, வரும்போது பத்து மீட்டர் எடுத்து வா, கலர் எதுவானாலும் சரி. காசு இங்கே வந்ததும் தருகிறேன்.

அன்புடன்,
உன் தையல்காரி