மழை நாளிலும் பிள்ளைகள் ஓடியாட

ஹட்டன்

அன்பின் ரவிக்கு,

நலம். வீட்டில் எல்லாரும் சுகம்தானே? மழை பிடித்துவிட்டால் பிள்ளைகள் காம்பராவை விட்டு அசைவதில்லை, போனே கதி என்று எழுதியிருந்தாய். மைதானத்தை மட்டும் நம்பினால் நம்ம மலையில் பாதி வருஷம் வீணாகும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை. அதற்குப் பிறகு குளிர். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளையாட்டை இப்போதே யோசித்து வை.

5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம், மூச்சு வாங்குமளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல். ஒரே நேரத்தில் முடிக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஏற்றத்தில் விறுவிறுவென்று நடக்கும் 15 நிமிடமும் கணக்கில் சேரும். கிட்ட இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு வேன் வேண்டாம்.

மழைக்குக் கயிறடிதான் என் முதல் யோசனை. கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் இரு நுனியும் அக்குள் வரை வர வேண்டும். நீளம் கூடினால் கயிறு தரையில் மடிந்து காலில் சிக்கும். குறைந்தால் பிள்ளை கூனிக்கொண்டு குதிக்கும். தும்புக் கயிறு ஈரத்தை உறிஞ்சிக் கனத்துவிடும், நைலோன் வாங்கு. 20 விநாடி குதிப்பு, 40 விநாடி ஓய்வு, இப்படிப் பத்துச் சுற்று. பழகப் பழக குதிக்கும் நேரத்தைக் கூட்டு. பிள்ளைகள் உயரமாகத் துள்ளத்தான் பார்ப்பார்கள். சீமெந்தில் முழுப்பாதமும் படார் என்று விழுந்தால் சில நாளில் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் நோகும். ஓரிரு அங்குலம் எழும்பினால் போதும். முன்பாதத்தில், முழங்காலைக் கொஞ்சம் மடக்கி இறங்க வேண்டும். இஸ்தோப்பில், அதுதான் வீட்டு முன் திண்ணையில், பாசி இருந்தால் முதலில் தேய்த்துக் கழுவி, சாக்கால் துடை. விறகடுப்பு எரியும் நேரம் உள்ளே குதிக்க விடாதே, மூச்சு வாங்கும்போது புகை இன்னும் ஆழமாக இறங்கும்.

இடி கேட்டதும் எல்லாரும் உள்ளே. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் போகட்டும். மழை விட்டுவிட்டது என்று உடனே மைதானத்துக்கு ஓடுவதுதான் ஆபத்து.

குளிர் காலையில் ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிய பிறகே ஓட்டம். ஏற்றத்தில் ஓடி, இறக்கத்தில் நடந்து வரட்டும். இறக்கத்தில் ஓடினால் முழங்காலில்தான் பாரம் விழும். வியர்த்த சட்டையை உடனே மாற்று. வெயில் நாளில் நீ ஒன்றும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கிளித்தட்டுக்கும் மட்டையால் பந்தடிக்கும் எல்லேக்கும் அவர்களே ஆள் சேர்த்துக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பெரியபிள்ளையானதும் மகளை விளையாட்டிலிருந்து நிறுத்திவிடாதே. எலும்பு உறுதிப்படுகிற வயது அது. மாதவிடாய் நாட்களிலும் அவளுக்கு இயலுமென்றால் ஓடலாம். சின்னவனைப் புலமைப்பரிசில் பரீட்சை வகுப்புக்கு அனுப்பினாலும் புத்தகத்தைத் தூக்குமுன் அரை மணி நேரம் வெளியே விடு.

கயிறு வாங்கியதும் இரண்டு பேருக்கும் தனித்தனியாக அளந்து வெட்டு.

அன்புடன்,
செல்வம்