கிரேக்க ஹீரோ யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த கிரேக்கக் கடவுளர் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். கடவுளருக்கெல்லாம் தலைவரான ஜீயஸின் குடும்ப உறவுமுறையை இவ்வளவு தெளிவாகத் தமிழில் படித்து நாளாயிற்று. ஆனால் கடைசிப் பத்தியில் ஹீரோக்களைப் பற்றி, 'போர்க்களத்தில் சாகசம் புரிந்த மாவீரர்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் நான். பல காலம் நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அது சரியில்லை என்று தெரிந்த பிறகு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

பழங்காலக் கிரேக்கக் கவி ஹோமர் தன் காவியத்தில் போரிடுகிறவர்களை ஹீரோ என்று அழைப்பது உண்மைதான். ஆனால் கோயிலிலும் சடங்கிலும் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். ஹீரோ என்றால் இறந்துபோனவர். செத்த பிறகும் சக்தி குறையாதவர். அவருடைய எலும்பு எந்த மண்ணில் கிடக்கிறதோ அந்த மண்ணுக்குத்தான் அவர் காவல். எங்கிருந்து கூப்பிட்டாலும் ஜீயஸ் கேட்பார். ஹீரோவைத் தேடி அவர் கல்லறைக்குத்தான் போக வேண்டும்.

எலும்புக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்குக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு கதை சொல்கிறார். டெகியா என்ற ஊரோடு, ஸ்பார்ட்டா என்ற கிரேக்க நகரத்துக்காரர்கள் எத்தனை முறை மோதியும் தோற்றுக்கொண்டே இருந்தார்கள். டெல்ஃபியில் இருந்த அப்பலோ கோயிலில் குறி கேட்டபோது, ட்ராய் போரில் கிரேக்கப் படையை நடத்திய அகமெம்னானின் மகன் ஒரெஸ்டீஸின் எலும்பைக் கொண்டுவந்தால் ஜெயிப்பீர்கள் என்று வாக்கு வந்தது. எங்கே தேடுவது? இரண்டு காற்று வீசும் இடம், அடிக்கு எதிரடி விழும் இடம், துயரத்தின் மேல் துயரம் கிடக்கும் இடம் என்று புதிர்தான் கிடைத்தது. லிக்காஸ் என்ற ஸ்பார்ட்டாக்காரர் டெகியாவில் ஒரு கொல்லன் பட்டறையில் நின்று இரும்பு அடிப்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கொல்லன், 'இதென்ன பெரிய அதிசயம்? என் முற்றத்தில் கிணறு தோண்டும்போது ஏழு முழ நீளத்தில் சவப்பெட்டி கிடைத்தது. அவ்வளவு பெரிய ஆள் இருந்திருப்பானா என்று திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த உடம்பும் அதே நீளம். அளந்துவிட்டு மறுபடி புதைத்துவிட்டேன்' என்றானாம். லிக்காஸுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இரண்டு துருத்திதான் இரண்டு காற்று, சம்மட்டியும் பட்டடையும் அடியும் எதிரடியும், இரும்பின் மேல் கிடக்கும் இரும்புதான் துயரம். அப்புறம் அந்த முற்றத்தையே வாடகைக்குப் பிடித்து, தோண்டி, எலும்பை அள்ளிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு எப்போது மோதினாலும் ஸ்பார்ட்டாவின் கைதான் ஓங்கியது என்கிறார் ஹெரோடோட்டஸ்.

இப்படிப்பட்ட நம்பிக்கையை 'மாவீரர்' என்ற ஒற்றைச் சொல் எப்படித் தாங்கும்?

அதுவுமில்லாமல், ஹீரோ ஆகப் போர் செய்திருக்க வேண்டியதில்லை; ஆணாக இருக்க வேண்டியதும் இல்லை. ஸ்பார்ட்டாவுக்குப் பக்கத்தில் தெராப்னே மேட்டில் ஹெலனுக்கும் மெனெலாஸுக்கும் வழிபாட்டிடம் இருந்தது. அங்கே அகழாய்வில் கிடைத்த கி.மு. 7ஆம் நூற்றாண்டு வெண்கலக் குப்பி ஒன்றில், மெனெலாஸின் மனைவி ஹெலனுக்கு டெய்னிஸ் என்பவர் காணிக்கை செலுத்தியதாக எழுத்து பொறித்திருக்கிறது. ட்ராய் போருக்குக் காரணம் என்று கதையில் திட்டு வாங்கும் அதே ஹெலன்தான். அந்தக் கோயிலுக்கு ஒரு தாதி தினமும் ஓர் அவலட்சணமான பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய், சிலைக்கு முன்னால் நின்று, இதன் குறையைத் தீர்த்துவை என்று வேண்டுவாளாம். ஒருநாள் திரும்பி வரும்போது ஒரு பெண் எதிரே வந்து, குழந்தையைக் காட்டச் சொன்னாள். யாருக்கும் காட்டக் கூடாது என்பது பெற்றவர்கள் போட்ட கட்டளை. தாதி முதலில் மறுத்தாள், அப்புறம் காட்டினாள். வந்தவள் குழந்தையின் தலையைத் தடவி, 'ஸ்பார்ட்டாவிலேயே இவள்தான் அழகியாவாள்' என்று சொல்லிவிட்டுப் போனாள். அப்படியே ஆயிற்று என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தினமும் மேடு ஏறிய அந்தத் தாதியை என்னால் மறக்க முடியவில்லை. கிரேக்க மதம் என்றால் எனக்குக் கடவுளர் வாழும் ஒலிம்பஸ் மலைக்கு முன்னால் அவள்தான் நினைவுக்கு வருகிறாள்.

நல்லவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிளியோமெடீஸ் என்ற குத்துச்சண்டைக்காரர் ஒலிம்பியா என்ற ஊரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் எதிராளியைக் கொன்றுவிட்டதால் பரிசை இழந்தார். புத்தி பேதலித்து ஊர் திரும்பியவர், பள்ளிக்கூடத்துத் தூணைப் பெயர்த்துத் தள்ளினார். கூரை விழுந்தது, உள்ளே அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். ஊரார் கல்லெறிய, அவர் அதீனா கோயிலில் ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொண்டார். பெட்டியை உடைத்துப் பார்த்தால் ஆள் இல்லை. டெல்ஃபி சொன்ன வாக்கு: இவர்தான் கடைசி ஹீரோ, இனி மனிதர் அல்ல, பலியிட்டு வணங்குங்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுதிய பவுசானியஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். ஒரு ஆசிரியராக எனக்கு இது ஜீரணிக்க முடியாத கதை. ஆனாலும் ஹீரோ என்ற சொல்லில் பயமும் எவ்வளவு கலந்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கதை வேறு எனக்குத் தெரியாது.

இதெல்லாம் புராணம்தானே என்று நினைத்தால், தன் காலத்துப் போரை எழுதிய ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸைப் பாருங்கள். கி.மு. 422இல் ஆம்ஃபிபோலிஸ் ஊரை ஏதென்ஸ் படையிடமிருந்து காத்து நின்ற போரில் ஸ்பார்ட்டாத் தளபதி பிராசிதாஸ் இறந்தார். ஊரார் அவரை நகருக்குள்ளேயே புதைத்து, சுற்றி வேலி கட்டி, ஹீரோவாகப் பலியிட்டு, ஆண்டுதோறும் விளையாட்டு நடத்தினார்கள். ஊரை நிறுவிய ஏதென்ஸ்காரர் ஹாக்னானின் நினைவுக் கட்டடங்களை இடித்துவிட்டு, இனி இவர்தான் நிறுவனர் என்றார்கள். அதற்கு முன் அந்த ஊரை இதே பிராசிதாஸிடம் பறிகொடுத்ததற்காக ஏதென்ஸை விட்டு வெளியேற்றப்பட்டவர்தான் தூசிடிடீஸ். தன் வாழ்க்கையையே புரட்டிப்போட்ட பகைவனுக்குக் கிடைத்த மரியாதையை ஒரு கசப்பும் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

கோயில் பற்றியும் ஒன்று. மக்கள் கோயிலுக்குள் கூடி வழிபட்டார்கள் என்று கட்டுரையில் இருந்தது. கிரேக்கக் கோயில் கடவுள் சிலையின் வீடு. பலிபீடம் வெளியே, வானத்தின் கீழ். கூட்டம் கூடியது அங்கேதான். ஒலிம்பியாவில் ஜீயஸின் பலிபீடம் சாம்பலாலேயே மேடாக உயர்ந்து, பவுசானியஸ் பார்த்தபோது 22 அடி இருந்தது. ஜீயஸ் கோயிலுக்குப் பக்கத்திலேயே பெலோப்ஸ் என்ற ஹீரோவின் அடைப்பு. அவருக்கு வருஷத்துக்கு ஒருமுறை கறுப்பு ஆட்டுக்கடா. வெள்ளைப் பாப்லர் விறகுதான் எரிக்க வேண்டும். கடாவின் கழுத்து விறகு கொடுப்பவருக்கு. அந்தக் கறியைத் தின்றவர் ஜீயஸ் கோயிலுக்குள் நுழையக் கூடாது. கடவுளும் ஹீரோவும் அடுத்தடுத்து இருந்தாலும் தீட்டுக்கணக்கு வேறு வேறு.

தமிழில் என்ன சொல் போடலாம் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். நடுகல் நட்டவர்கள் நாம். மதுரை வீரனும் பட்டவன் கோயிலும் நமக்குத் தெரியும். அந்த வகையில் 'வீரன்' மோசமில்லை. ஆனால் கிளியோமெடீஸையும் ஹெலனையும் அதில் அடைக்க முடியாது. ஹீரோ என்றே எழுதிவிட்டு, 'இறந்தபின் கல்லறையில் வழிபடப்பட்டவர்' என்று முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம். இடமிருந்தால் ஹீரோக்களுக்கென்று தனியாக ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள். ஹெர்குலிஸ் என்று நாம் அறிந்த ஹெராக்ளீஸுக்கு இரண்டு கோயில் கட்டி, ஒன்றில் கடவுளாகவும் இன்னொன்றில் இறந்த ஹீரோவாகவும் வழிபட்டவர்கள் இருந்தார்கள். அதையும் விட்டுவிட வேண்டாம் என்று கட்டுரையாளரிடம் சொல்லவும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
திண்டுக்கல்