டில்ட் சிலிண்டருக்கு இரண்டு முறை சீல் மாற்றிய கதை

குன்னூர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் பேரனுக்குக் காது குத்திய செய்தியும் வந்து மூன்று வாரமாகிறது. பதில் தாமதமானதற்கு எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிதான் காரணம். ஃபோர்க்கைத் தாங்கி முன்னால் நிற்கும் மாஸ்ட் என்ற தூண்சட்டத்தை எண்ணெய் அழுத்தத்தால் சாய்க்கும் அதன் இடப்பக்க டில்ட் சிலிண்டரை ஒரே மாதத்தில் இரண்டு முறை பிரித்துப் பூட்டினேன். இரண்டாவது முறை பிரிக்க நேர்ந்தது என் அவசரத்தால்தான் என்பதை உன்னிடம் மறைப்பானேன்.

மூட்டைகளைத் தூக்கி நிறுத்தினால், லிவரைத் தொடாமலே மாஸ்ட் மெல்ல முன்னால் சாய்ந்தது. சிலிண்டரிலிருந்து ராடு என்ற தண்டு வெளிவரும் மூடியான கிளாண்டின் வாயில் எண்ணெய் கசிந்தது. எண்ணெயைத் தடுக்கும் சீல் வளையம் தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, கோயம்புத்தூரிலிருந்து சீல் செட் வரவழைத்து மாற்றினேன். பன்னிரண்டாம் நாள் மறுபடியும் அதே கசிவு.

இந்த முறை ராடை ஜன்னலோரம் கொண்டுபோய்த் துடைத்து, கட்டைவிரல் நகத்தை அதன்மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கண்ணாடிபோல் தெரிந்த குரோமில் ஓரிடத்தில் நகம் தட்டியது. பாதிக் கடுகளவுகூட இல்லாத துருக்குழிகள் நாலைந்து இருந்தன. ராடு உள்ளே போய் வரும்போதெல்லாம் அவற்றின் விளிம்பு சீலின் உதட்டைச் சீவியிருக்கிறது. குழிகள் அத்தனையும் ராடின் வெளியே நிற்கும் பகுதியில், மேல்பக்கமாகவே இருந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. வண்டியை நிறுத்தும்போது ஃபோர்க்கை இறக்கி, அதன் நுனி தரையைத் தொடும்படி மாஸ்டைச் சற்று முன்னால் சாய்த்து வைக்க வேண்டும் என்பது பாதுகாப்பு விதி. அப்படிச் சாய்த்தால் டில்ட் ராடுகள் வெளியே நீண்டு நிற்கும். ஒரு பக்கம் திறந்து கிடக்கும் எங்கள் கொட்டகையில் இரவெல்லாம் மூடுபனி அதன்மேல்தான் படிந்திருக்கிறது. விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்த வண்டிக்கு இந்தக் கதி!

ராடைக் கோவைக்கு அனுப்பி, பழைய குரோமை நீக்கி, புதிதாக ஹார்டு குரோம் பூசி, பழைய அளவுக்கே கிரைண்டிங் செய்து வாங்கினேன். சிலிண்டரின் குழாயான பாரலில் ஆழமான கீறல் இல்லாததால், உட்சுவரை லேசாகத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்கே போதுமானதாயிற்று.

சிரமம் கொடுத்தது கிளாண்டின் உள்காடியில் உட்கார வேண்டிய யு-சீல். அதை வெதுவெதுப்பான ஹைட்ராலிக் எண்ணெயில் ஊறவைத்து, முந்திரிக்கொட்டைபோல் வளைத்து நுழைத்து, காடிக்குள் விரலால் தடவித் தடவி விரித்தேன். ஸ்குரூடிரைவரைக் கிட்டே கொண்டுவரவில்லை. யு-சீலின் உதடு அழுத்தமுள்ள எண்ணெயைப் பார்க்க வேண்டும், ராடின் அழுக்கை வழித்துவிடும் வைப்பர் வளையத்தின் உதடு வெளியைப் பார்க்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் நீ ஒரு நாள் யு-சீலைத் திருப்பிப் போட்டுத் தரையெல்லாம் எண்ணெயாக்கியது நினைவிருக்கிறதா? ராடின் மரை புதுச் சீலைக் கிழிக்காமலிருக்க, அதன்மேல் டேப் சுற்றிய பிறகே கிளாண்டை ஏற்றினேன்.

மாஸ்டை அதுவரை செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியில் கட்டியே வைத்திருந்தோம். இரு பக்க ராடுகளும் ஒரே நேரத்தில் தங்கள் ஓட்டத்தின் கடைசியைத் தொடும்படி ராடு முனையின் மரையைத் திருகிச் சரிசெய்தேன். இல்லையென்றால் மாஸ்ட் முறுக்கிக்கொள்ளும். சுமையில்லாமல் பலமுறை முன்னும் பின்னும் சாய்த்துக் காற்றை வெளியேற்றிய பின், டாங்கில் குறைந்திருந்த அளவுக்கு எண்ணெய் ஊற்றினேன். கிளாண்டு வாய் இன்றுவரை காய்ந்தே இருக்கிறது.

ராடுக்கு ரப்பர் உறை போடலாம் என்றார் மேலாளர். உள்ளே ஈரம் தங்கும் என்று நான் மறுத்துவிட்டேன்; இப்போது ஓட்டுநர் மாலையில் வண்டியை நிறுத்தியதும் எண்ணெய்த் துணியால் ராடுகளைத் துடைத்துவிட்டுப் போகிறார். உன் கொடைக்கானல் பனியும் எங்கள் பனிக்கு இளைத்ததல்ல. உன் பட்டறை வாசலில் நிற்கும் மண்வாரி இயந்திரத்தின் ராடுகளிலும் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்