மின்கொள்கையும் மக்களும்: வாசிப்பு வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொதுக்குழு உரிய காலத்தில் கூடியது. நிர்வாகக் குழு மாற்றமின்றித் தொடர்கிறது. நூலகத்துக்குச் சில புத்தகங்கள் வந்து சேர்ந்தன.

இந்த ஆண்டின் பெரிய வேலை ‘மின்கொள்கையும் மக்களும்’ தொடர் வாசிப்பு. முன்மொழிந்தவன் நான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். “கொள்கை வகுப்பது அரசு வேலை, நாம் பேசி என்ன ஆகப்போகிறது?” என்று ஆரம்பத்திலேயே சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் இந்தத் தொடர்.

ஆஸ்திரியாவில் ஸ்வென்டென்டார்ஃப் அணுமின் நிலையம் கட்டி முடித்துத் தயாராக நின்றது. 1978 நவம்பரில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்ற தரப்பு 30,000 வாக்குகளுக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றது. அந்த நிலையம் கடைசிவரை இயங்கவே இல்லை. ஜெர்மனியின் ஷோனாவ் சிற்றூரில், 1986 செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு பெற்றோர் சிலர் கூடிப் பேசத் தொடங்கினார்கள். முதலில் மின்சிக்கனம், அப்புறம் இரண்டு உள்ளூர் வாக்கெடுப்புகள், 1997இல் ஊரின் மின்கட்டமைப்பே அவர்கள் கைக்கு வந்தது.

டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன் கரையை ஒட்டிய மிடல்குருண்டன் காற்றாலைகளுக்குத் தனியாக ஒரு கூட்டம் வைத்தோம். முதலில் மூன்று வரிசையில் 27 காற்றாலைகள் என்பதுதான் திட்டம். கருத்துக்கேட்பில் எதிர்ப்பு வந்ததும், லேசாக வளைந்த ஒரே வரிசையில் 20 என்று மாற்றினார்கள். 2000இல் பணி முடிந்தது. அப்போது அதில் பாதி, 8,000க்கும் மேற்பட்டோர் பங்கு வைத்திருந்த கூட்டுறவுக்குச் சொந்தமாக இருந்தது. தன் பங்கு சுழல்வதைக் கரையிலிருந்து பார்க்கிறவர் அதை எதிர்க்க மாட்டார் என்பது என் எண்ணம்.

மறுபக்கத்தையும் படித்தோம். நார்வேயின் ஃபோசன் பகுதியில், சாமி (Sámi) என்ற பழங்குடி மக்கள் கலைமான் மேய்க்கும் நிலத்தில் காற்றாலைகள் எழுந்தன. 2021இல் உச்ச நீதிமன்றம் அந்த உரிமங்கள் செல்லாது என்றது. அதற்குள் காற்றாலைகள் ஓடத் தொடங்கிவிட்டன. பசுமை மின்சாரம் என்றாலும் நிலத்துக்குரியவர்கள் சம்மதம் வேண்டும். ஆண்டின் மிக முக்கியமான விவாதம் இதுதான். பாதி நாற்காலிகள் காலியாக இருந்ததும் அன்றைக்குத்தான்.

இதை எழுதாமல் விட முடியவில்லை. இந்தத் தொடர் வேண்டுமென்று கை தூக்கியவர்களில் பலர் பிறகு வரவேயில்லை. வர இயலாது என்று ஒரு வரித் தகவலும் இல்லை. ஸ்வென்டென்டார்ஃப் வாக்கெடுப்பிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வாக்களிக்க வரவில்லை. முடிவெடுத்தது வந்தவர்கள்தான்.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது; யாரும் பார்க்கலாம். கையிருப்பு உண்டு, அதிகமில்லை. சந்தா பாக்கிதான் காரணம். நினைவூட்டல்கள் அனுப்பியாயிற்று.

இடம் தந்தவர்களுக்கும், நாற்காலி போட்டு எடுத்து வைத்தவர்களுக்கும், துணைச் செயலாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாம். கூரையில் சூரியத் தகடு வைத்தவர்கள் மின்வாரியத்திடம் வாங்கும் யூனிட் குறையும். கம்பி, துணைமின் நிலையச் செலவு குறையாது. அந்தச் சுமை சொந்தக் கூரை இல்லாத வாடகைதாரர்மேல் ஏறாமல் கட்டணத்தை எப்படி வகுப்பது? இதற்கு நிறையப் பேர் வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க விரும்பினாலும் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன்.

வாசிப்புத் தாள்கள் அச்சுக்குப் போகுமுன் பாக்கிச் சந்தா வந்துவிட்டால் எல்லாருக்கும் ஆளுக்கொரு பிரதி தரலாம். இல்லையென்றால் சில பிரதிகளை மட்டும் எடுத்துச் சுற்றுக்கு விட வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்